தங்கைக்காகக் காய்ச்சிய சோப்பு

ஈப்போ வீட்டில் என் மகள் பள்ளிச் செய்முறைக்காகச் சோப்பு செய்ய எண்ணெயும் காரமும் கலந்து காய்ச்சினாள். அந்த வாடை என்னை ஜப்பான்காரன் காலத்துச் சுங்கை சிப்புட் தோட்ட லயத்துக்கு இழுத்துப் போனது.

அப்பாவைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். தங்கை மலேரியாவில் நடுங்கிக் கிடந்தாள். தேங்காய் எண்ணெயில் சாம்பல் தண்ணீரை ஊற்றி அம்மா கிண்டிக்கொண்டே இருந்தார்.

"எப்பம்மா சோப்பாகும்?" என்றேன்.

"காரம் பத்தலடி. கெட்டியானாத்தான் கடைக்காரரு இத வாங்கிக்கிட்டு காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை தருவாரு."

இன்னும் சாம்பலைக் கரைத்து வடித்து ஊற்றினார். எண்ணெய் மிதந்தபடியே இருந்தது.

மறுநாள் காலையில் தங்கை எழுந்திருக்கவில்லை. அவளைக் குளிப்பாட்டத் தண்ணீர் வைக்க அம்மா சட்டியை எடுத்தார். உள்ளே சோப்பு கெட்டியாகியிருந்தது. அதில் ஒரு துண்டை அறுத்து, தங்கையின் கால்களை மெல்லத் தேய்த்துவிட்டார்.

"அம்மா, சோப்பு வந்திருச்சு லா!" என்று ஈப்போ அடுப்படியிலிருந்து மகள் கூப்பிட்டாள்.

நான் எட்டிப் பார்க்கவில்லை.