ஊர் எல்லையில் போட்ட முள்

கொரோனா ஊரடங்கில் விழுப்புரத்துக் குழந்தைகள் இல்லத்தை மூடினார்கள். வீடு உள்ள பிள்ளைகள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். பெற்றவர்கள் இல்லாத எனக்கும் வீடு இருந்தது. கிளியனூர்ப் பக்கம் மல்லாட்டைக் கடலை பயிரிடும் ஓர் அத்தை என்னை வளர்ப்பு மகளாக ஏற்றிருந்தார். பன்னிரண்டாம் வகுப்பு முடியட்டும் என்றுதான் இன்னும் இல்லத்தில் தங்கியிருந்தேன்.

இல்லத்து வண்டி என்னை ஊர் எல்லையில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டது. பாதையின் குறுக்கே வேலிக்காத்தான் முள்ளை வெட்டிப் போட்டு, வேப்பிலை செருகி, ஊர்ப் பெரியவர் ஒருவர் காவல் இருந்தார். முகக்கவசம் தாடையில் தொங்கியது.

“யாரு வூட்டுப் பொண்ணு நீ?”

அத்தை வீட்டைச் சொன்னேன்.

“ஓ, அந்த ஹோம் புள்ளையா? ஊர்ப் புள்ளைங்கள மட்டுந்தான் உள்ள வுடுவோம். வந்த வழியே போயிடு.”

பூட்டிய கதவுக்கா போவேன்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இல்லத்தில் வளர்ந்தவள் என்றால் யார் வேண்டுமானாலும் விரட்டலாமா? அதற்குள் அத்தை ஓடி வந்து முள்ளுக்கு அந்தப் பக்கம் நின்றார்.

“எம் பொண்ணுதாங்க. வுடுங்க.”

பெரியவர் அசையவில்லை. முந்தின நாள் அத்தை போனில் சொன்னது ஞாபகம் வர, அவரிடம் கேட்டுவிட்டேன்.

“உங்க பையன் சென்னை மார்க்கெட்லருந்து காய் லாரில வந்து, வூட்டுல ஜம்முனு படுத்துக்கினு இருக்காராமே. அவர மட்டும் எப்பிடி வுட்டீங்க?”

சத்தம் கேட்டுக் கூடியிருந்த ஊர்க்காரர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“அவன் ஊர்ப் புள்ள” என்றார்.

“கொரோனாவுக்கு அது தெரியுமாங்க? ஊருக்கு வெளிய இருக்கிற பள்ளிக்கூடத்துல நான் பதினாலு நாள் தனியா இருக்கேன். அவரையும் கொண்டாந்து வுடுங்க. கெடு முடிஞ்சதும் நான் எங்க வூட்டுக்குத்தான் போவேன்.”

ஊரே கேட்ட பிறகு அவரால் மழுப்ப முடியவில்லை. ஒரு வகுப்பறையில் நான், இன்னொன்றில் அவர் மகன். அவனுக்குக் கோழிக்குழம்பு வந்தது. பொறாமை இல்லை என்றால் பொய். எனக்குக் கேப்பைக் கூழ். அதை வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்கும் அத்தை, நான் குடித்து முடிக்கும்வரை நகரமாட்டார்.

கெடு முடிந்த காலையில் எல்லைக்குப் போய் ஒரு முள் கிளையைப் பிடித்து இழுத்தேன்.

“அத எதுக்கு இழுக்கிற?” என்றார் பெரியவர்.

“அடுப்புக்குங்க.”

தெரு நெடுக இழுத்துக்கொண்டே எங்கள் வீட்டுக்குப் போனேன். நன்றாகக் காய்ந்திருந்தது. அன்றைய கூழ் அதில்தான் வெந்தது.