டப்பாவுக்குள்ள என்னங்க இருக்குது?

நான் பாரம் தூக்கக் கற்றுக்கொண்டது நாமக்கல்லில், லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றின் பின்பக்க ஷெட்டில். எண்பதுகளின் பிற்பகுதி. பெண்களுக்கான பளுதூக்கும் போட்டி அப்போதுதான் எங்கள் பக்கம் தலைகாட்டியிருந்தது. நான் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் நான் குண்டு எறிவதைப் பார்த்துவிட்டு, ஷெட்டை நடத்திய மாஸ்டர் வீடு தேடி வந்து அப்பாவிடம் கேட்டார். "புள்ள ஆசப்பட்டா வரட்டுங்க" என்று அப்பா சொல்லிவிட்டார்.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "பொட்டப்புள்ள பாரந் தூக்குனா வயிறு எறங்கிப் போயிரும். நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்?" என்று பாத்திரங்களை உருட்டினாள். எங்களுக்குக் கோழிப்பண்ணை. "தீவன மூட்டயத் தூக்கறப்ப மட்டும் எறங்காதா?" என்று கேட்டேன். நான் போனேன்.

மாஸ்டர் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர். நன்றாகவே சொல்லிக்கொடுத்தார். எடைத் தகடுகள் கோத்த இரும்புத் தடியான பாரை முதுகை வளைக்காமல் எப்படிப் பிடிப்பது, மூச்சை எங்கே நிறுத்துவது, தூக்க முடியாதபோது மேலே விழாமல் எப்படிக் கீழே விடுவது, எல்லாம் அவரிடம் கற்றதுதான். ஷெட்டில் இருந்தவர்கள் எல்லாம் ஆண்கள். பெண்கள் என்று நானும், ஒரு லாரி டிரைவரின் மகளும்தான். அவள் என்னைவிட ஒரு வயது இளையவள், கெட்டிக்காரி.

சில மாதம் கழித்து ஒரு டப்பா வந்தது. பம்பாய்க்கு லோடு ஏற்றிப் போகிறவர்கள் யாரோ வாங்கி வந்தது. மேலே ஒட்டியிருந்த காகிதம் சுரண்டி எடுக்கப்பட்டிருந்தது. உள்ளே மஞ்சளும் வெள்ளையும் கலந்த பவுடர். பயிற்சிக்கு முன்னால் ஆளுக்கு ஒரு டம்ளர், பாலில் கலக்கிக் குடிக்க வேண்டும். "சத்துப் பவுடரு. வெளிநாட்டுல எல்லா வீரனும் இதத்தான் குடிக்கறான்" என்றார் மாஸ்டர். நான் குடித்தேன். இனிப்புக்கு அடியில் ஒரு கசப்பு, நாக்கிலேயே தங்கியது.

பொய் சொல்ல மாட்டேன், அது வேலை செய்தது. குடித்த கொஞ்ச நேரத்தில் உடம்பு சூடாகும். நேற்று அசையாத பாரம் இன்று தோளுக்கு வரும். ஆனால் வகுப்பில் பேனா பிடித்தால் விரல் நடுங்கியது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடித்தது. படுத்தால் தூக்கம் வரவில்லை. பிறகு மாதவிலக்கும் நின்றது.

அதை முதலில் கவனித்தது அம்மா. "ஏஞ்சாமி, நீ இன்னும் தூரமாகலியா?" என்றாள். நான் இல்லை என்றதும் அவள் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. எனக்குப் புரிந்தது. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "நீ நெனைக்கறது ஒண்ணுமில்ல. வேணும்னா டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போ" என்றேன். கூட்டிப் போனாள்.

டாக்டரம்மா சோதித்துவிட்டு, என்னென்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். பவுடரைப் பற்றிச் சொன்னேன். "அதுல என்ன இருக்குது?"

"தெரீலீங்க."

"உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அப்புறம் எதுக்கும்மா வளர்ற வயசுல அதக் குடிக்கற? முதல்ல நிறுத்து. டப்பாவக் கொண்டு வா, பாக்கலாம்."

மறுநாள் சாயங்காலம் ஷெட்டில் டம்ளர் என் கைக்கு வந்தது. வாங்கிக் கீழே வைத்தேன்.

"மாஸ்டர், இந்த டப்பாவுக்குள்ள என்னங்க இருக்குது?"

"சத்துதான் பாப்பா. குடி."

"என்ன சத்துங்க? காயிதத்த எதுக்குங்க சொரண்டிட்டாங்க?"

பாரைப் பிடித்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாஸ்டரின் முகம் மாறியது. "நானுந்தான் குடிக்கறேன். எனக்கு என்ன ஆயிப்போச்சு?"

"நீங்க மாசாமாசம் தூரமாகறதில்லீங்களே, மாஸ்டர்."

சொன்ன பிறகுதான் எத்தனை ஆண்கள் அங்கே நிற்கிறார்கள் என்று உறைத்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. சொல்லியாயிற்று, இனி எதற்குப் பயம் என்று தோன்றியது. மேலே பேசினேன். "எங்க பண்ணைல கோழிக்குப் போடற மூட்டைல கூட என்ன கலந்திருக்குதுன்னு எழுதியிருக்குமுங்க. எழுதாத மூட்டைய எங்கப்பா எறக்க உடமாட்டாரு. நானு கோழிக்குங் கீழயா போயிட்டேன்?"

"குடிக்கறவங்க வந்தாப் போதும்" என்றார் மாஸ்டர். "மத்தவங்க அவிய அவிய ஊட்லயே இருந்துக்கலாம்."

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். டிரைவர் மகள் தன் டம்ளரைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

நடந்ததை வீட்டில் சொன்னேன். பவுடரோடு பாரம் தூக்கும் பீடையும் ஒழிந்தது என்று அம்மா நிம்மதியாவாள் என நினைத்தேன். அவள் என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"அந்தப் பவுடரு இல்லாட்டி உன்னால தூக்க முடியாதா?"

"முடியும்."

"அப்பறம் என்ன? தூக்கு."

அப்பா ஒரு வெல்டிங்காரரைப் பிடித்து, இரும்புத் தடியும் அதில் கோத்துக்கொள்ளத் தகடுகளும் செய்து வாங்கி வந்தார். தீவனக் குடோனில் மக்காச்சோள மூட்டைகளுக்கு நடுவே இடம் ஒதுக்கிக்கொண்டேன். பண்ணையில் கீறல் விட்ட முட்டைகள் எப்போதும் இருக்கும். அம்மா அவற்றை வேகவைத்தும், கொள்ளுப் பருப்பைக் கடைந்தும் போட்டாள். விரல் நடுக்கம் நின்றது. தூக்கம் வந்தது. மாதவிலக்கும் திரும்பியது. எல்லாம் அந்தப் பவுடரால் வந்ததுதானா? எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் என் கோபமே.

மாநிலப் போட்டிக்கு ஆள் எடுக்கும் மாவட்டத் தேர்வு சேலத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. அம்மாவும் நானும் பஸ்ஸில் போனோம். பெயர் பதிகிறவர், "மாஸ்டர் எங்கம்மா? தனியா வந்தாச் சேர்த்துக்க மாட்டோம்" என்றார்.

"தனியா வரலீங்க. நான் வந்திருக்கறனுங்க" என்றாள் அம்மா. "போதாதுங்களா?"

அவர் பேனாவை எடுத்தார்.

என் பெயரைக் கூப்பிடும்வரை அம்மா ஒரு பெரிய துண்டால் என்னைச் சுற்றிப் போர்த்தியிருந்தாள். கால் தெரியும் உடையில் மகளை இத்தனை பேர் முன்னால் அனுப்ப அவளுக்குக் கூச்சம். கூப்பிட்டதும் அவளே துண்டை உருவி எடுத்து, "போ சாமி" என்றாள்.

அன்றைக்கு நான் தூக்கியது, அதுவரை நான் தூக்கியதிலேயே அதிகம். அதற்கும் மேல் தூக்கினாள் டிரைவர் மகள். எட்டிப் பிடிக்க நினைத்து நான் எடுத்த கடைசிப் பாரம் தலைக்கு மேல் போய், பின்னால் சரிந்து விழுந்தது. எங்கள் எடைப்பிரிவில் ஒருவருக்குத்தான் இடம். அவள்தான் போனாள்.

வாசலில் மாஸ்டர் நின்றிருந்தார். "பாத்தியா பாப்பா? அதக் குடிச்சிருந்தா இன்னிக்கு நீயில்ல போயிருப்ப?"

"தோத்தது நானுங்க, மாஸ்டர்" என்றேன். "தூக்குனதும் நாந்தானுங்க."

இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம், பவுடரைக் குடித்த அந்த டிரைவர் மகளுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்கிறார்கள். ஒன்றும் ஆகவில்லை. கல்யாணமாகிப் பிள்ளைகளோடு நன்றாகத்தான் இருக்கிறாள். அவள் படுத்த படுக்கையாகியிருந்தால்தான் நான் செய்தது சரியாகும் என்று ஒரு கணக்கு இவர்களிடம் இருக்கிறது. அந்தக் கணக்கு எனக்கு வேண்டாம். மாஸ்டரும் கெட்டவர் இல்லை. எங்களுக்குக் கொடுத்ததைத் தானும் குடித்தவர்தான். ஆனாலும், வளர்ந்து முடியாத ஒரு உடம்புக்குள் எதையாவது ஊற்றுகிறவர் அது என்னவென்று சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் டம்ளரை நீட்டக் கூடாது. இன்றைக்கு டப்பாக்கள் பளபளக்கின்றன, பெயர்கள் நீளமாக இருக்கின்றன. அதற்காக என் பேச்சை மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

தேர்வு முடிந்த அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் நான் ஷெட்டுக்குப் போனேன். மாஸ்டர் வழியை மறித்து நின்றார்.

"உன்ன வர வேண்டாம்னு சொன்னனே?"

"பவுடரு குடிக்காதவங்க வர வேண்டாம்னு சொன்னீங்க. நானு பவுடரு குடிக்க வரலீங்க, பாரந் தூக்க வந்திருக்கேன்."

அவர் நகரவில்லை. நானும் நகரவில்லை. உள்ளே யாரோ பாரைக் கீழே போட்ட சத்தம் கேட்டது. கடைசியில் அவர்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு பட்டறைப் பக்கம் நடந்தார். நான் உள்ளே போய், பிடி வழுக்காமல் இருக்கக் கையில் சாக்பீஸ் பொடியைத் தேய்த்துக்கொண்டு, பாருக்கு முன்னால் நின்றேன்.