பிரான்சின் பிரதம மந்திரி யார்?

மனநோய் வைத்தியம் படிக்கப்போகிறேன் என்றதும் அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்கறவனுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?" என்றாள். பெண் கிடக்கட்டும், முதலில் பரீட்சையில் தேற வேண்டுமே. பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில், எங்கள் வைத்தியப் பள்ளியில் அந்தப் பாடத்தில் ஏற்கெனவே கோட்டை விட்டவன் நான். இந்தத் தடவையும் போனால் நெல்லித்தோப்பில் மாமாவின் துணிக்கடையில் முழம் போட வேண்டியதுதான்.

செய்முறைத் தேர்வு இதுதான்: ஒரு நோயாளியைக் கேள்வி கேட்டு, புத்தி தெளிந்துவிட்டதா, வீட்டுக்கு அனுப்பலாமா என்று சொல்ல வேண்டும். கேள்விகள் பாரிசில் அச்சான புத்தகத்தில் உள்ளவை. ஒன்று தவறினாலும் தெளியவில்லை என்று அர்த்தம். எனக்கு வாய்த்தவர் கனகசெட்டிக்குளத்து மீனவர், கடும் ஜுரத்தில் புத்தி பேதலித்து வந்தவர். பேர், ஊர், கிழமை எல்லாம் தடங்கலில்லாமல் சொன்னார். எனக்குப் போன உயிர் வந்தது. கடைசிக் கேள்வி, பிரான்சின் பிரதம மந்திரி யார்?

"தெரியலயே, தம்பி."

வெள்ளைக்காரப் பேராசிரியர் உதட்டைப் பிதுக்கினார். சரியான பேரை என்னைச் சொல்லச் சொன்னார். புதுச்சேரிக்குக் கடைசியாகக் கப்பலில் வந்த பத்திரிகையில் பார்த்த பேரைச் சொன்னேன். அந்த ஆள் கவிழ்ந்தாயிற்று என்று அவர் வேறு பேர் சொன்னார். பக்கத்திலிருந்த இரண்டாவது பரீட்சகர் தொண்டையைச் செருமி, அவரும் கவிழ்ந்துவிட்டார், தந்தி வந்திருக்கிறது என்றார். அடுத்து வந்தவர் யார் என்றால் அவருக்கும் தெரியவில்லை. அந்தக் காலத்துப் பாரிஸ் மந்திரிசபைகள் வாழைப்பழத்தைவிடச் சீக்கிரம் அழுகும்.

இரண்டு துரைகளும் பிரெஞ்சில் மல்லுக்கட்ட, எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. புத்தகப்படி பார்த்தால் அந்த அறையில் ஒருவருக்கும் புத்தி தெளியவில்லை. ஆனால் மாட்டிக்கொண்டது நாங்கள் இரண்டு பேர்தான்.

அப்போது மீனவர் என் பக்கம் சாய்ந்தார். "தம்பி, எனக்கு இன்னும் சரியாவலன்னே சொல்லிடுங்க. நான் இன்னும் கொஞ்ச நாள் இருந்துக்கறேன். என்னால நீங்க பெயிலாப் போயிடப் போறீங்க."

அவர் சொன்னபடி சொன்னால் நான் நிச்சயம் தேறிவிடுவேன்.

"முசே, இவருக்குத் தெளிந்துவிட்டது. வீட்டுக்கு அனுப்பலாம்" என்றேன்.

"காரணம்?"

மீனவர் சொன்னதை அப்படியே பிரெஞ்சில் சொன்னேன். பேராசிரியர் புத்தகத்தை மூடிவைத்தார். பிறகு பேனாவைத் திறந்து, மீனவரை வீட்டுக்கு அனுப்பும் காகிதத்திலும் என் தேர்ச்சிக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டார்.