பத்தியில் பேசிய டாக்ஸிக்காரர்

அம்மானில் டாக்ஸி ஓட்டுகிறவருக்குச் சொந்தமாக ஓர் அரசியல் கருத்து எதற்கு? ஏறி உட்காருகிற ஒவ்வொருவரும் ஒரு கருத்தோடுதான் ஏறுகிறார்கள். முதல் வட்டம் என்கிற ரவுண்டானாவில் ஏறுகிறவர் டமாஸ்கஸைத் திட்டுவார். மூன்றாம் வட்டத்தில் ஏறுகிறவர், டமாஸ்கஸைத் திட்டுகிறவர்களைத் திட்டுவார். இரண்டு பேருமே இறங்கும்போது, டிரைவர் விவரம் தெரிந்த மனிதர் என்று நினைத்துக்கொண்டு இறங்க வேண்டும். தைசீர் இருபத்தாறு வருடமாக இதைப் பிசகாமல் செய்துவந்தார். "வல்லாஹி, சரியாச் சொன்னீங்க" என்பார். அல்லாஹ்வின் பெயரால் சத்தியம் செய்கிறோமே என்றுகூட அவருக்குத் தோன்றியதில்லை. வளைவில் ஹாரன் அடிப்பதைப் போல அது தானாக வந்துவிடும்.

அவருக்கு ஒரே மகள், லமீஸ். மகன் இல்லாததால் ஜபல் ஹுசைன் பகுதியில் எல்லாரும் மகள் பெயரைச் சேர்த்து 'அபூ லமீஸ்', அதாவது லமீஸின் அப்பா, என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்கு அதில் குறையொன்றும் இல்லை. மனைவி ஹியாமுக்குத்தான் அவரிடம் ஆயிரம் குறை. அவற்றை அவள் மனதில் வைத்துக்கொள்ளும் ரகமும் இல்லை.

அபூ லமீஸ் என்ற பெயர் ஊர் முழுக்கத் தெரிந்ததற்குக் காரணம், எல்லாரும் மரியாதையாக உஸ்தாத் என்று அழைத்த வஜீஹ். தொண்ணூறுகளில் அம்மானின் காலைப் பத்திரிகை ஒன்றில் அவர் வாரம் மூன்று நாள் 'நடைபாதையிலிருந்து' என்று ஒரு பத்தி எழுதினார். அவர் நடைபாதையில் நடந்து யாரும் பார்த்ததில்லை. கண் சரியில்லை, கார் ஓட்டத் தெரியாது. வீட்டிலிருந்து பத்திரிகை அலுவலகம் வரை தைசீரின் மஞ்சள் டாக்ஸியில்தான் போவார். பின் சீட்டில் சாய்ந்துகொண்டு, அன்றைக்கு எழுதப் போவதை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பார். எந்த நாட்டுத் தலைவர் சறுக்கினார், எந்தப் போர் எங்கே முடியும், உச்சி மாநாட்டில் யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று எல்லாம் வரும்.

நம் அரபுப் பத்தி எழுத்தாளர்களுக்கு ஒரு வியாதி உண்டு. சொந்தக் கருத்தைச் சொந்த வாயால் சொல்ல மாட்டார்கள். கெய்ரோவிலிருந்து குவைத் வரை எந்தப் பத்திரிகையைப் பிரித்தாலும் ஒரு டாக்ஸி டிரைவர் ஞானம் பொழிந்துகொண்டிருப்பார். வஜீஹ் இதில் ஒரு படி மேலே போய்ப் பெயரையும் போட்டார். 'என் டிரைவர் நண்பர் அபூ லமீஸ், சிக்னலில் வண்டியை நிறுத்தி, மீசையைத் தடவிக்கொண்டு என்னிடம் சொன்னார்' என்று ஆரம்பிப்பார்.

தைசீருக்கு முதலில் குளிர்ந்துதான் போயிற்று. தெருமுனை ஃபலாஃபெல் வடைக் கடைக்காரர் பத்திரிகையை ஆட்டிக் காட்டுவார்.

"என்னய்யா அபூ லமீஸ், இன்னிக்கு லெபனான் பிரச்சினையத் தீத்து வெச்சிட்டே போலிருக்கு! எங்க தெருச் சாக்கடைக்கும் ஒரு வழி சொல்லிட்டுப் போயேன்!"

"அதுக்குத் தனி மாநாடு கூட்டணும்" என்பார் தைசீர். தான் சொல்லாததைச் சொன்னதாகப் போட்டிருக்கிறதே என்று அவர் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. யாருக்கும் நஷ்டமில்லாத புகழ்தானே என்று விட்டுவிட்டார்.

அதற்குள் லமீஸுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை சர்மத், கிழக்கே பக்கத்து நாட்டிலுள்ள பஸ்ராவிலிருந்து எல்லை தாண்டி வந்தவன். படித்தது எஞ்சினியரிங், செய்வது ஹாஷ்மி பகுதியில் ஒரு சின்னக் கடையில் டிவி ரிப்பேர். அவனுடைய அண்ணனை அங்கே அரசாங்கத்து ஆட்கள் பிடித்துக்கொண்டு போய் ஏழு வருடம் ஆகிறது. உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியாது. சர்மத் அதைப் பற்றிப் பேச மாட்டான், இவர்களும் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து மாமனார் வீட்டில் சாப்பாடு, பிறகு டீ, கொஞ்சம் சீட்டாட்டம் என்று அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது. லமீஸ் நிறைமாதம். பிரசவம் ஆனதும் நாற்பது நாள் தாய்வீட்டில் இருப்பதாகப் பேச்சு. ஹியாம் அறையைத் துடைத்து, புது மெத்தையும் போட்டு வைத்திருந்தாள்.

அந்தச் சமயத்தில் ஒரு வியாழக்கிழமைதான் அந்தப் பத்தி வந்தது. கிழக்கே, சர்மத்தின் நாட்டில் மறுபடியும் போர் வரும்போல் இருந்த வாரம். அபூ லமீஸ் சிக்னலில் வண்டியை நிறுத்தி, மீசையைத் தடவிக்கொண்டு, இப்படிச் சொன்னாராம்: 'உஸ்தாத், அந்த மக்களுக்கு இரும்புக் கைதான் சரி. கை தளர்ந்தால் ஒருவரையொருவர் தின்றுவிடுவார்கள். சிறையில் கிடக்கிறவன் காரணம் இல்லாமலா கிடக்கிறான்?'

வெள்ளிக்கிழமை ஹியாம் மன்சஃப் என்ற ஆட்டுக்கறிச் சோறு சமைத்து, பெரிய தாம்பாளத்தில் சோற்றைப் பரப்பிக் காத்திருந்தாள். யாரும் வரவில்லை. இரண்டரை மணிக்கு ஃபோன் அடித்தது.

"அப்பா, நாங்க வரல" என்றாள் லமீஸ். குரல் கம்மியிருந்தது. "அவர் பேப்பர மடிச்சு மேஜைமேல வெச்சிட்டு நேத்துலேருந்து அப்படியே உக்காந்திருக்கார். கோவமாக் கூடப் பேசல. ஒரே ஒரு கேள்வி கேக்கச் சொன்னார். நீங்க சொன்னீங்களா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார் தைசீர். ஆனால் நடந்தது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. வஜீஹ் பின் சீட்டில் பேசிக்கொண்டே வந்தார். இவர் ஒரு பஸ்ஸைத் தாண்டுவதற்கு இடைவெளி பார்த்துக்கொண்டிருந்தார். காதில் பாதிகூட விழவில்லை. பேச்சு நின்றதும், வழக்கம்போல, "வல்லாஹி, சரியாச் சொன்னீங்க" என்றார்.

"நான்... அது வந்து, உஸ்தாத் தான்..." என்று இழுத்தார். மகள் ஃபோனை வைத்துவிட்டாள்.

ஹியாம் சோற்றை மூடி வைத்துக்கொண்டே அவரைப் பிடித்துக்கொண்டாள். "உங்க வாய் என்ன வாடகை வண்டியா? யார் வேணா ஏறி உக்காந்துக்குவாங்களா? என் பொண்ணு பிரசவத்துக்கு வரலேன்னா அந்த உஸ்தாதா வந்து குழந்தைக்குத் தாலாட்டுப் பாடுவார்?"

சனிக்கிழமை காலை தைசீர் முதல்முறையாகப் பத்திரிகை அலுவலகத்தின் மாடிப்படி ஏறினார். வஜீஹ் சிரித்த முகத்தோடு எழுந்து, ஏலக்காய் போட்ட காபி வரவழைத்தார்.

"உஸ்தாத், அந்தப் பேச்சு நீங்க பேசினது."

"நீதானேப்பா சரின்னே?"

"நான் யாருக்குத்தான் சரின்னு சொல்லல? ஒரு ஈ ஏறி உக்காந்து பேசினாலும் சரின்னுதான் சொல்வேன்."

வஜீஹ் விழுந்து விழுந்து சிரித்தார். "அடடா, இதையும் எழுதலாம் போலிருக்கே!"

"எழுதாதீங்க. 'அது என் கருத்து, டிரைவர் சொன்னதில்ல'ன்னு ரெண்டே வரி போடுங்க. என் மருமகனோட அண்ணன் அங்க ஜெயில்ல இருக்கான், உஸ்தாத். மகள் வீட்டுக்கு வர மாட்டேங்கறா."

வஜீஹின் முகம் கொஞ்சம் மாறியது. கெட்ட மனிதர் இல்லை அவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அபூ லமீஸ், மந்திரி மறுப்பு அனுப்பினா போடுவோம். தூதரகம் அனுப்பினா முதல் பக்கத்துலயே போடுவோம். டிரைவர் மறுப்பு எங்க வந்திருக்கு, நீயே சொல்லு. அதுவும் நான் சொன்னா அது வெறும் வஜீஹோட கருத்து. நீ சொன்னாத்தான் அது மக்களோட குரல்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு செய்யறேன். அடுத்த வாரம் நீ மனசு மாறின மாதிரி எழுதிடறேன். ஜெயில்ல கிடக்கிறவங்கள நெனச்சு, ஸ்டியரிங்மேல தலைய வெச்சு நீ அழற. உன் மருமகனுக்கும் திருப்தி. எப்படி?"

"வல்லாஹி, சரியாச் சொன்னீங்க" என்றார் தைசீர்.

சொல்லிவிட்டுப் பாதி மாடி இறங்கிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. அவமானத்தில் காது சுட்டது. பிறகு மறுபடி ஏறிப் போய்க் கதவருகிலேயே நின்று சொன்னார்: "வேணாம் உஸ்தாத். அழறதா இருந்தா நானே அழுதுக்கறேன்."

அங்கிருந்து நேராக ஹாஷ்மிக்குப் போனார். சர்மத் கதவைத் திறந்து, "வாங்க மாமா" என்று உட்கார வைத்து, பஸ்ராக்காரர்கள் வழக்கப்படி காய்ந்த எலுமிச்சை டீ ஊற்றினான். மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. அதுதான் தைசீரை இன்னும் வாட்டியது. லமீஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள்.

"நான் சொல்லல மருமகனே. ஆனா சரின்னு தலையாட்டினேன்" என்றார் தைசீர். "என்ன பேசினார்னு காதுல வாங்காமலே ஆட்டினேன். இருபத்தாறு வருஷமா எல்லாருக்கும் அப்படித்தான் ஆட்டறேன். இப்ப சத்தியம் பண்ணி இல்லேன்னு சொல்ல எனக்கு வழியில்ல."

சர்மத் டீக் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தான். பேச ஆரம்பித்தபோது குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"மத்தியான நேரம். அண்ணனப் பிடிக்க ஜீப் வந்துச்சு. பக்கத்து வீட்டுக்காரர் வாசல்ல நின்னுட்டிருந்தார். சின்ன வயசுலேருந்து நாங்க அவர் மடியில வளந்தவங்க. 'இவன் தலைவரத் திட்டினானா?'ன்னு கேட்டாங்க. அவர் வாயே திறக்கல மாமா. ஆமாங்கற மாதிரி தலைய மட்டும் ஆட்டினார். அவ்வளவுதான் நடந்துச்சு."

தைசீர் டீயைக் குடித்து முடித்தார். வெள்ளிக்கிழமை வருவீர்களா என்று கேட்காமலே எழுந்தார். படியிறங்கும்போது லமீஸ் கூடவே இறங்கி வந்து, அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

திங்கட்கிழமை வஜீஹ் ஒன்றுமே நடக்காதது போல வண்டியில் ஏறினார். அன்றைக்கு விஷயம் ஆற்றுத்தண்ணீர்த் தகராறு. கூட்டம் கூட்டிப் பேசிப் பேசியே நாடுகள் நாசமாய்ப் போகின்றன, முடிவெடுக்க ஒரே ஒரு தலைவர் போதும், மக்களைக் கேட்டால் குழப்பம்தான் மிஞ்சும் என்று அடுக்கிக்கொண்டே வந்தார். நான்காம் வட்டத்தருகே மூச்சு வாங்கி நிறுத்தினார். "என்ன சொல்றே அபூ லமீஸ்?"

தைசீரின் நாக்கு நுனிவரை பழைய வார்த்தை வந்து நின்றது.

"இல்ல உஸ்தாத்" என்றார். "எனக்கு அப்படித் தோணல."

கண்ணாடியில் வஜீஹின் முகம் தெரிந்தது. அவருக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. வீட்டு அலமாரி திடீரென்று வாய் திறந்து பேசினால் ஒருவர் எப்படிப் பார்ப்பாரோ, அப்படிப் பார்த்தார். அலுவலகம் வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது சலாம் சொன்னார், அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அவர் வேறு டாக்ஸியைக் கூப்பிட்டார்.

புதன்கிழமை பத்தியில் அதே கருத்து, ஒரு வார்த்தை குறையாமல் வந்திருந்தது. சொன்னவர் மட்டும் வேறு: 'எங்கள் தெருக் காய்கறிக்காரர், தராசைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்.'

அன்று மாலையே ஃபோன் வந்தது. சர்மத்தான்.

"மாமா, இன்னிக்குக் காய்கறிக்காரர் பேசியிருக்கார். நீங்க எங்க போனீங்க?"

"நான் இல்லேன்னு சொன்னேன் மருமகனே."

அந்தப் பக்கம் பேப்பரை மடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "வெள்ளிக்கிழமை வரோம்" என்றான் சர்மத்.

வந்தார்கள். லமீஸின் துணிப் பெட்டியும் கூட வந்தது. அதைப் பார்த்துத்தான் ஹியாமுக்கு உயிர் வந்தது. ஆனாலும் புருஷனைச் சாடுவதை அவள் நிறுத்தவில்லை. சாப்பாடு ஆயிற்று. பெண்கள் இருவரும் அறையில் மெத்தையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். சர்மத் சீட்டுக்கட்டை எடுத்தான், கலைத்தான், பிறகு அப்படியே கீழே வைத்தான்.

"இல்லேன்னு சொன்னப்போ எப்படி இருந்துச்சு மாமா?"

தைசீர் மறைக்கவில்லை. "காலு நடுங்கிச்சு. சும்மா ஒரு கண்ணு சரியாத் தெரியாத கிழவர், கையில ஒரு பேனா. என்னை அவர் என்ன பண்ணிட முடியும்? அதுக்கே வாய் வரல."

சர்மத் தலையைக் குனிந்து சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏழு வருடமாக இறுகிக் கிடந்த அவன் முகத்தில் ஏதோ ஒன்று அசைந்தது.

"எங்க பக்கத்து வீட்டுக்காரர் முன்னால துப்பாக்கி இருந்துச்சு" என்றான்.