கேட்காமல் வாங்கிய கைரேகை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, அமீரகத்தின் அல் ஐன் நகரில் அரசு நடத்தும் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் நடந்தது இது. மாதக் கட்டணத்திலேயே அடங்கிய பணிவிடைச் செலவை அங்கே இருப்பவர்களிடம் தனியாகவும் வசூலித்திருக்கிறார்கள். தவறு தெரிந்ததும், உரியவர்களுக்குத் திருப்பித் தர உத்தரவு வந்தது. அரசாங்கம் தானாக முன்வந்து பணம் திருப்பித் தந்து நான் பார்த்ததில்லை. அதற்கும் நான்கு பக்கப் படிவம் உண்டு என்று தெரிந்த பிறகுதான் நிம்மதி வந்தது.

படிவம் என் தொழில். கட்டுமானக் கம்பெனி ஒன்றில் முப்பது வருடம் விசா, லேபர் கார்டு வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது மகள் வீட்டில் இருக்கிறேன். இல்லத்தில் இருந்தவர் என் பழைய நண்பர்; பாய் என்றுதான் கூப்பிடுவேன். கீழக்கரைப் பக்கம். நாற்பது வருடம் இங்கே துணிக்கடை வைத்திருந்தார். கடையை விற்ற பணத்தில்தான் கட்டணம் கட்டிவந்தார். பக்கவாதத்துக்குப் பிறகு கையெழுத்துப் போட முடியாது.

சென்னையிலிருந்து அவர் மகன் என்னிடம் பேசினார். பணம் தன் கணக்குக்கு வந்தால், டிக்கெட் எடுத்து வாப்பாவை அழைத்துப் போய்விடலாம் என்றார். எனக்கும் சரியென்றே பட்டது. மகனின் கணக்கு எண், இல்லத்தை விட்டு வெளியேறச் சம்மதம், எல்லாவற்றையும் பிழையில்லாமல் நிரப்பினேன். பாய் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். மைப்பெட்டியை நீட்டினேன், கட்டைவிரலை வைத்தார். அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து ஓர் அரபுப் பெண் அதிகாரி இல்லத்துக்கே வந்தார். என் மகளைவிடச் சின்னவர். முத்திரை, சாட்சி, இணைப்பு எல்லாம் சரியாக இருக்கிறதே என்றேன். அவர் பேச வந்தது என்னிடம் அல்ல. கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு, படிவத்தை அரபியில் வரி வரியாக பாய்க்குப் படித்துக் காட்டினார். பாய் பாதியிலேயே கையைத் தூக்கி நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“நீங்க நீட்டுனீங்க, நான் வச்சேன் சார். காசுக்குன்னுதான் நெனச்சேன். என்னைய ஊருக்கு அனுப்புற காயிதமா அது?”

மகன் ஆசையாகக் கூப்பிடுகிறார் என்று இழுத்தேன்.

“அவனும் மருமவளும் காலைல பூட்டிட்டுப் போனா ராத்திரிதான் வருவாங்க. பகல் முழுக்க அந்த ஃப்ளாட்ல சுவத்தப் பாக்கவா? இங்க சாயந்தரமானா என் பழைய கஸ்டமருங்க நாலு பேரு வர்றாங்க. காசு இங்கயே கெடக்கட்டும், மாசக் கட்டணத்துல கழிச்சுக்கட்டும்.”

இதையே அதிகாரியிடம் என்னைவிட நல்ல அரபியில் அவரே சொன்னார். அந்தப் பெண் “கலாஸ்”, முடிந்தது, என்று என் படிவத்தின் குறுக்கே கோடு போட்டுத் திருப்பித் தந்தார். முப்பது வருடத்தில் என்னிடம் திரும்பி வந்த முதல் படிவம்.

புதியதை அங்கேயே எழுதினேன். ஒவ்வொரு வரியையும் படித்துச் சொன்னேன். இரண்டு இடத்தில் பாய் என் அரபியைத் திருத்தினார். அதன் பிறகுதான் விரலை நீட்டினார். “மவன்கிட்ட நீங்களே சொல்லிருங்க சார், இதுக்குப் படிவம் வேணாம்” என்றார்.

கம்பெனியில் எத்தனையோ தொழிலாளிகளை வரிசையில் நிறுத்தி, அரபியில் அச்சடித்த தாள்களில் “இங்கே போடு” என்று கையெழுத்து வாங்கியிருக்கிறேன். ஒருவரும் என்னவென்று கேட்டதில்லை. அந்த மௌனத்தைத்தான் சம்மதம் என்று இத்தனை வருடம் கோப்பில் சேர்த்துவந்திருக்கிறேன்.