எங்கள் வளவுப் பிள்ளையார் மேடை

இன்று காலை எங்கள் வாவிக்கரை வளவுக்கு ஒரு வேன் வந்தது. முப்பது வயது மதிக்கத்தக்க சிங்களப் பெண் ஒருவர் இறங்கினார்.

எங்கள் வளவு ஆமி முகாமாக இருந்த காலத்தில் அவருடைய அப்பாவுக்கு இங்கேதான் குவார்ட்டஸாம். தானும் இங்கே வளர்ந்த பிள்ளை என்று தட்டுத்தடுமாறித் தமிழில் சொன்னார்.

வளவு திரும்பக் கிடைத்தபோது வீடு இருக்கவில்லை. ஒரு சீமெந்து மேடை மட்டும் மிச்சம். "அப்பா கட்டின பிள்ளையார் மேடைடா" என்றார் அக்கா. அன்றிலிருந்து எட்டு வருடமாக அதில் பிள்ளையாரை வைத்துக் கும்பிடுகிறேன்.

மேடையைக் கண்டதும் அந்தப் பெண் துள்ளினார்.

"ஐயோ, இது இன்னும் இருக்கு! எங்கட அப்பா கட்டினது. இதிலதான் பூட்ஸ் கழுவுற!"

நான் பிள்ளையாரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார்.

வேன் போனதும் அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"மேடை ஆமிக்காரர் கட்டினதாம். உனக்கு இது தெரியுமாக்கா?"

"ஓம்டா தம்பி. வெறும் மண்ணில குந்தி நீ அழுத அழுகைக்கு வேற என்னத்தச் சொல்ற? அப்பாவுக்கு ஒரு கோழிக்கூடு கட்டத் தெரியாது. மேடையா கட்டுவார்?"

அப்பா இறந்தபோது எனக்கு இரண்டு வயது. அவரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அக்கா சொன்னதுதான். வாவியை நீந்திக் கடந்தாராம். என்னைத் தோளில் வைத்துத் தேர் காட்டினாராம்.

தேர்க் கதையாவது உண்மையா என்று கேட்க மறுபடி போனை எடுத்தேன். பயத்தில் வைத்துவிட்டேன்.

உங்கள் அக்காமார் எப்படி?