முளைத்த வீடு

வைக்கோலால் கட்டிய வீட்டின் முதல் சங்கடம், அது வீடு என்பதை மாடுகளுக்குப் புரியவைக்க முடியாதது. மனிதர்களுக்குப் புரியவைப்பது அதைவிடக் கடினம். எண்பதுகளின் நடுவில், திண்டிவனத்துக்கு வெளியே, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலைக் கொல்லைகளின் ஓரமாக, நானும் என் மனைவியும் அப்படியொரு வீட்டைக் கட்டினோம். அவள் சென்ற ஆனியில் காலமானாள். அந்த வீட்டைப் பற்றி எழுதும்படி என்னிடம் பலமுறை சொன்னவள் அவள். சுவரின் வெப்பக் கடத்தலைப் பற்றி எழுதிவிடுவேனோ என்ற அச்சத்தில், "சிரிக்கிற மாதிரி எழுதுங்க" என்றும் சேர்த்துச் சொல்வாள். முயல்கிறேன்.

நான் விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பித்துவந்தேன். அங்கேயே அண்ணன் வீட்டில் கூட்டுக் குடித்தனம். அண்ணன் நல்லவர், சிக்கலே அதுதான். எங்கள் நன்மைக்காக விளக்கு எப்போது அணைய வேண்டும், வானொலி எவ்வளவு உரக்கப் பாட வேண்டும், குழம்பில் எத்தனை மிளகாய் விழ வேண்டும் என்பதையெல்லாம் அவரே தீர்மானித்தார். என் மனைவி கேட்டது ஒன்றே ஒன்று.

"எனக்குன்னு ஒரு கதவுங்க. நான் சாத்தினா சாத்தணும், தொறந்தா தொறக்கணும். அவ்ளோதான்."

அவளுடைய பிறந்த வீட்டார் கொடுத்த மனை திண்டிவனத்துக்கு வெளியே இருந்தது. செங்கல் வாங்க வசதி இல்லை. பொம்மையார்பாளையத்தில் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுக்காரர், தம் ஊரில் வைக்கோல் கட்டுகளைச் செங்கல்போல அடுக்கிக் கட்டிய பழைய வீடொன்றின் புகைப்படத்தை எனக்குக் காட்டினார். நான் அதைப் பற்றி ஐயங்களோடு யோசித்துக்கொண்டிருந்தபோதே, என் மனைவி கதவு எந்தத் திசையில் வரும் என்று முடிவுசெய்துவிட்டாள்.

அண்ணனிடம் சொன்னோம்.

"வைக்கப் போருலயா குடும்பம் நடத்தப் போற? நீ என்னாடா படிச்ச, மாட்டு வைத்தியமா?"

"அண்ணே, சுவரெல்லாம் கனமா இருக்கும். மேல மண்ணு பூசிடுவோம்."

"சரி, ஒரு ஐப்பசி மழைக்கு நிக்கட்டும். நின்னா பாத்திரம் பண்டத்த எடுத்துக்கினு போங்க. சாஞ்சிச்சின்னா, அப்பறம் தனிக்குடித்தனப் பேச்சே இந்த ஊட்ல எடுக்கக் கூடாது."

என் மனைவி உடனே, "சரிங்க மாமா" என்றாள். எனக்கு யோசிக்க அவகாசமே தரப்படவில்லை.

மாசி அறுவடை முடிந்ததும் வைக்கோல் வாங்கினோம். எங்கள் பக்கத்தில் கதிரை முதலில் கல்லில் அடிப்பார்கள். பிறகு தாளைக் களத்தில் பரப்பி, மாடுகளை மிதிக்கவிட்டு, எஞ்சிய நெல்லையும் உதிர்ப்பார்கள். மாடு மிதித்த வைக்கோல் துவண்டு போகும் என்று நான் கருதினேன். சுவருக்கு விறைப்பு முக்கியம். ஆகவே கல்லில் அடித்ததோடு நிறுத்திய தாளே வேண்டும் என்று அறிவியல் அடிப்படையில் வற்புறுத்தினேன். களத்துக்காரர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, சந்தோஷமாகக் கொடுத்தார். மாடுகளுக்கும் ஓய்வு கிடைத்தது.

கட்டுப் போட எந்திரம் ஏது? மரப்பெட்டி ஒன்று செய்து, அடியில் கயிறுகளைப் பரப்பி, வைக்கோலைத் திணித்து, மேலே ஏறி மிதிக்க வேண்டும். என் எடை போதவில்லை. என் மனைவி புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறிக் குதித்தாள். குதிக்கக் குதிக்கச் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க வைக்கோல் இறுகியது. கயிற்றை முடிய வேண்டிய நானும் சிரித்ததால் முதல் கட்டுகள் எல்லாம் கோணல். அந்தக் கோணல் கட்டுகள் இன்றும் அடுப்பங்கரைச் சுவரில்தான் இருக்கின்றன.

சித்திரைக்குள் சுவர் எழும்பி, கூரைக்குப் பனங்கை வைத்து நாட்டு ஓடும் வேய்ந்தாயிற்று. மாடுகள் நெருங்காதபடி சுற்றிலும் முள் அடைத்தோம். கத்திரி வெயிலில் உள்ளே நுழைந்தால் கிணற்றுக்குள் இறங்கிய குளிர்ச்சி. நெடுஞ்சாலை லாரிகளின் ஒலி கதவோடு நின்றுபோனது. நன்மைகள் இவை. தீமைகளையும் சொல்ல வேண்டும். சுவரின் பருமன் அறையில் பாதியைத் தின்றுவிட்டது. எலிகள் எங்களுக்கு முன்பே குடிவந்தன. அடித்த ஆணி வழுக்கி உள்ளே போய்விடும். என் மனைவி நாட்காட்டியை உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கவிட்டாள். காற்றில் அது சுழன்றது. தேதி பார்க்க விரும்புகிறவர் அதோடு சேர்ந்து சுற்ற வேண்டும். அவள் சுற்றுவாள்.

ஆனால் அந்தப் பருமனால் ஒரு வரம் கிடைத்தது. ஜன்னலில் ஓர் ஆள் காலை மடித்து உட்காரலாம். அது தன் இடம் என்று அவள் முதல் நாளே அறிவித்துவிட்டாள்.

ஆடியில் கிணற்றில் தண்ணீர் ஊறியதும் மண்ணும் சாணியும் குழைத்து முதல் பூச்சுப் பூசினோம். அடுத்த வாரம் விழுப்புரத்திலிருந்து பேருந்தில் வந்து இறங்கினால், வீடு பச்சையாக இருந்தது.

உவமையாகச் சொல்லவில்லை. கல்லடிக்குத் தப்பிய நெல்லெல்லாம் ஈர மண்ணில் முளைத்து, சுவரைக் கிழித்துக்கொண்டு வெளியே நீட்டி நின்றது. நாலு பக்கமும் நாற்று. நான் வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏங்க, களை எடுக்க ஆள் சொல்லணுமா?"

அம்மனுக்குக் கேப்பைக் கூழ் ஊற்றிவிட்டுத் திரும்பிய பக்கத்துக் கொல்லைப் பெண்கள் பார்த்தார்கள். ஒருத்தி குலவையிட்டாள். பிறகு அவர்களை நிறுத்த முடியவில்லை. முளைப்பாரியைச் சுற்றுவதுபோல வீட்டைச் சுற்றிக் கும்மியடிக்கத் தொடங்கினார்கள். என் மனைவியும் போய்ச் சேர்ந்துகொண்டாள். சொல்லாமல் கொள்ளாமல் அண்ணன் வந்து நின்ற நேரம் அது.

"என்னாடா இது? சாயறதுக்கு முன்னாடியே வயலாயிடுச்சா உன் போரு?"

முன்னால் ஆடிக்கொண்டிருந்த பெண் கும்மியை நிறுத்தாமலே பதில் சொன்னாள்: "இன்னாங்க இப்டி சொல்றீங்க? கல்யாணத்துல பாலிகை முளைச்சா குடும்பம் தழைக்கும்னு உங்கள மாதிரி பெரியவங்கதான சொல்றீங்க? இங்க ஊடே முளைச்சிக்கீது!"

அண்ணன் சாத்திரம் பார்ப்பவர். முளைத்ததைக் கெட்ட சகுனம் என்று அவரால் சொல்ல முடியவில்லை. "மழ வரட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நாற்று வெயிலில் வாடியபின் இரண்டாம் பூச்சுப் பூசினோம்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. விக்கிரவாண்டியில் சாலை மேலேயே தண்ணீர் ஓடியது. அண்ணன் குடையோடு தீர்ப்புச் சொல்ல வந்தார். சுவரைத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், மூலைகளை மோந்துகூடப் பார்த்தார். குற்றம் ஒன்றும் அகப்படாததால் பாயில் உட்கார்ந்தார். அந்த அமைதியில், உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார்.

அப்போதுதான் ஜன்னலில் இருந்த என் மனைவி எனக்குச் சைகை காட்டினாள். தாழ்வாரத்து ஒழுக்கில் ஒரு மூலையின் மண் கரைந்து வைக்கோல் வெளியே தெரிந்தது. முள் அடைப்பும் அங்கே சரிந்திருந்தது. பக்கத்துக் கொல்லை மாடு வந்து, நிதானமாக எங்கள் வீட்டைத் தின்றுகொண்டிருந்தது. நான் வெளியே ஓடி, அண்ணன் எழுந்துவிடாதபடி, குரலே எழுப்பாமல் மாட்டை விரட்டினேன். குரலில்லாத ஆளை எந்த மாடும் மதிப்பதில்லை. இன்னொரு வாய் இழுத்தது.

நான் திரும்பியபோது அண்ணன் வாசலில் நின்றார். மாட்டின் வாயில் ஒரு கைப்பிடி அளவு எங்கள் சுவர். என் மனைவி ஜன்னலில் சிரிப்பை மறந்து அசையாமல் இருந்தாள். அவள் கேட்ட கதவு அந்தக் கணத்தில் அண்ணன் சொல்லில் இருந்தது.

அண்ணன் குடையை மடக்கி ஓங்கிக்கொண்டு மழையில் பாய்ந்தார்.

"ஏய்! த்தூ, போ! ஊட்டத் துன்னுது பாரு, ஊட்ட! நின்னு வேடிக்கை பாக்கிறியேடா, படிச்ச முட்டாளே!"

மாடு ஓடியது. அவரும் கொல்லை முனை வரைக்கும் துரத்தினார். சொட்டச் சொட்டத் திரும்பிவந்தவரிடம் துண்டை நீட்டி, என் மனைவி மிக மரியாதையாகக் கேட்டாள்:

"மாமா, எதத் துன்னுதுன்னு சொன்னீங்க?"

அண்ணன் தலையைத் துவட்டினார். வெகுநேரம் துவட்டினார்.

"நாளைக்கு வண்டி சொல்றேன். பாத்திரத்தயெல்லாம் ஏத்திக்கினு வாங்க" என்றார் துண்டுக்குள்ளிருந்து.

வந்தோம். முதல் நாள் அவள் கதவைச் சாத்தினாள், திறந்தாள், மறுபடி சாத்தினாள். பிறகு ஜன்னலில் ஏறி உட்கார்ந்து, வறுத்த மல்லாட்டையைத் தின்று தொலியை வெளியே எறிந்தாள். எதிரில் அந்த மாடு காத்து நின்றது.

இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறேன். மேற்குச் சுவருக்கு வெளியே செங்கல் வைத்தாயிற்று. எலிகளோடு உடன்பாடு ஏற்பட்டுவிட்டது. கதவை நான்தான் சாத்துகிறேன், திறக்கிறேன். ஜன்னலில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடமுள்ளது. புத்தகங்களுக்கு வீட்டில் இடம் போதவில்லை. ஆயினும் அங்கே எதையும் வைப்பதில்லை.